பௌடிச்சின் அட்டவணைகள்: ஒரு துறைமுகத்தில் வளர்ந்த கணிதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் விடுதலை பெற்ற முதல் ஐம்பது ஆண்டுகளில், அந்நாட்டில் கணித ஆய்வாளர் என்று சொல்லத்தக்கவர் மிகச் சிலரே. கல்லூரிகள் இருந்தபோதும் சமயப் போதகர்களையும் வழக்கறிஞர்களையும் உருவாக்குவதே அவற்றின் முதன்மைப் பணியாக இருந்தது. கணிதம் அங்கே பாடத்திட்டத்தின் ஓரத்தில் இடம்பெற்ற பழைய பாடமாகவே நின்றது. நில அளவையாளரின் சங்கிலியிலும், பஞ்சாங்கம் கணிப்போரின் மேசையிலும், கப்பலின் மேல்தளத்திலுமே அது நாள்தோறும் பயன்பட்டு உயிர்ப்போடு இருந்தது. இந்த மூன்று இடங்களிலும் பழகி, பள்ளிப்படிப்பைப் பத்து வயதில் இழந்தும், ஐரோப்பிய அறிஞர்கள் மதித்த முதல் அமெரிக்கக் கணிதர்களுள் ஒருவராக உயர்ந்தவர் நத்தானியேல் பௌடிச் (1773–1838). அவருடைய வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால், கப்பலோட்டும் தொழிலில் ஓர் எண் சரியாக இருப்பது எத்தனை உயிர்களின் பொறுப்பாக இருந்தது என்பதும், அந்தப் பொறுப்புணர்விலிருந்தே ஒரு நாட்டின் கணித மரபு கிளைத்ததும் விளங்கும்.

பௌடிச் 1773 மார்ச் 26 அன்று பிறந்த ஊர் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள சேலம். எருசலேமின் பழம்பெயரைத் தாங்கிய இந்த ஊருக்கும் தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பு இல்லை. 1790ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறத்தாழ 7,900 பேர் மட்டுமே வாழ்ந்த சிற்றூராயினும், அந்நாட்டின் ஆறாவது பெரிய நகரம் என்ற இடம் அதற்குக் கிடைத்திருந்தது. விடுதலைக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த பிரித்தானியத் துறைமுகங்கள் அமெரிக்க வணிகருக்கு அடைபட்டுப் போனதால், அவர்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கீழ்த்திசைக்குக் கப்பல் விடத் தொடங்கினர். 1784 டிசம்பரில் பிலடெல்பியாவிலிருந்து வந்த ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற கப்பல் புதுச்சேரியில் நங்கூரமிட்டதே இந்தியக் கரையை அமெரிக்க வணிகம் தொட்ட முதல் நிகழ்வு. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் சேலத்துக் கப்பல்களும் இந்தியத் துறைமுகங்களுக்கும் சுமத்திராவின் மிளகுக் கரைக்கும் மணிலாவுக்கும் சென்று திரும்பின. ஜோனதன் கார்ன்ஸ் என்ற மாலுமித் தலைவர் 1797இல் சுமத்திராவிலிருந்து கப்பல் நிறைய மிளகு கொண்டுவந்து, போட்ட முதலைப் போல் ஏழு மடங்கு ஆதாயம் ஈட்டிய பிறகு, மிளகு என்றாலே சேலம் என்னும் அளவுக்கு அவ்வூரின் பெயர் வணிக உலகில் பரவியது.

இத்தகைய ஊரில் பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த பௌடிச், குடும்ப வறுமையால் பத்து வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் பட்டறைக்குச் சென்றார். பன்னிரண்டாம் வயதில், கயிறு, பாய்த்துணி, ஆணி, விளக்கெண்ணெய் முதலிய கப்பல் சாமான்களை விற்கும் கடையில், ஒப்பந்தப்படி ஊதியமின்றித் தொழில் கற்கும் பயிலாளாகச் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கணக்கெழுதினார். எழுத்தால் எண்களைக் குறித்துக் கணக்கிடும் இயற்கணிதம் என்றொரு முறை உண்டு என்பதை அக்காலத்திலேயே அறிந்து, அதைத் தாமே கற்று, 15 வயதில் 1790ஆம் ஆண்டுக்குரிய பஞ்சாங்கம் ஒன்றையும் கணித்து முடித்தார். நியூட்டனின் ‘பிரின்சிபியா’ லத்தீனில் இருந்ததால் அந்த மொழியையும், பிரெஞ்சுக் கணிதர்களைப் படிப்பதற்காகப் பிரெஞ்சையும், அகராதியையும் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டையும் அருகருகே வைத்துச் சொல் சொல்லாக ஒப்பிட்டுக் கற்றுக்கொண்டார்.

அவருக்கு நூல்கள் கிடைத்த வழியும் அக்காலக் கடல் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்ததே. விடுதலைப் போர்க்காலத்தில், பகைநாட்டுக் கப்பல்களைப் பிடித்துக்கொள்ள அரசு அனுமதி பெற்ற தனியார் போர்க்கப்பல்கள் மாசசூசெட்ஸ் கரையிலிருந்து புறப்பட்டுச் சென்றன. அவற்றுள் ஒன்று 1781இல் பிடித்த கப்பலில், அயர்லாந்தின் வேதியியல் அறிஞர் ரிச்சர்டு கிர்வனின் நூலகம் இருந்தது. சேலம் வட்டாரத்துக் கற்றோர் சிலர் அந்த நூல்களை மலிவாக வாங்கி ஒரு சிறு அறிவியல் நூலகம் அமைத்தனர். கடைப் பையனாக இருந்த பௌடிச்சுக்கு அதன் கதவைத் திறந்துவிட்டவர்கள் ஊர்ப் போதகர்களே. சொந்தமாக நூல் வாங்க வழியில்லாத அவர், அங்கிருந்த கணிதக் கட்டுரைகளைத் தம் கையாலேயே பல குறிப்பேடுகளில் படியெடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் தம் உயிலில், அந்த நூல்களைப் பெற்றிருந்த சேலம் நூலகத்துக்கு 1,000 டாலர் எழுதிவைத்து இந்தக் கடனை நினைவுகூர்ந்தார்.

அவருடைய தொண்டின் தன்மையை உணர, அன்றைய மாலுமி நடுக்கடலில் தன் இடத்தை அறிந்த விதத்தைச் சற்று விரிவாகக் காண வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ உள்ள தொலைவைக் காட்டுவது அட்சரேகை. நண்பகலில் சூரியன் உச்சியை அடையும்போது, கோணங்களை அளக்கும் செக்ஸ்டன்ட் என்ற கருவியால் தொடுவானத்திலிருந்து அதன் உயரத்தை அளந்து, அந்த நாளில் சூரியன் வான நடுவரையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அட்டவணையில் பார்த்துச் சேர்த்தால் அட்சரேகை கிடைத்துவிடும். கிழக்கு மேற்காக உள்ள இடத்தைக் காட்டும் தீர்க்கரேகையோ இவ்வளவு எளிதில் அகப்படுவதன்று. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், கப்பல் நிற்கும் இடத்து நேரத்துக்கும் கிரீனிச் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் தீர்க்கரேகையும் தெரியும். ஆனால் கிரீனிச் நேரத்தைப் பிழையின்றிச் சுமந்து செல்லும் குரோனோமீட்டர் என்ற கடற்கடிகாரம் அன்று பெரும்பாலான வணிகக் கப்பல்களின் கைக்கு எட்டாத விலையில் இருந்தது.

கடிகாரம் இல்லாதவர்கள் வானத்தையே கடிகாரமாகக் கொண்டனர். விண்மீன்களின் பின்னணியில் நிலவு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ அரைப்பாகை, அதாவது தன் விட்டத்தின் அளவு, நகர்கிறது. ஆகவே நிலவுக்கும் ஒரு விண்மீனுக்கும் அல்லது சூரியனுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்தால், வானக் கடிகாரத்தின் முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். நெவில் மாஸ்கலைன் 1767ஆம் ஆண்டு முதல் கிரீனிச்சிலிருந்து வெளியிட்டு வந்த கடற்பயணப் பஞ்சாங்கம் இந்தக் கோணங்களை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே கணித்துத் தந்தது. இதுவே நிலவுத் தொலைவு முறை. ஆயினும் கண்ணால் அளந்த கோணத்தை அப்படியே பயன்படுத்த முடியாது. காற்று மண்டலத்தில் ஒளி வளைவதால் விண்பொருள்கள் உள்ளதைவிடச் சற்று உயரத்தில் தெரிகின்றன. பஞ்சாங்கக் கணக்கு பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாக அமைந்திருக்க, மாலுமியோ பூமியின் மேற்பரப்பில் நிற்பதால் நிலவு சற்றுத் தாழ்ந்து தெரிகிறது. இந்த இரண்டு மாயங்களையும் நீக்குவதற்கு மடக்கை எண்களைக் கொண்டு நீண்ட கணக்குப் போட வேண்டியிருந்தது. எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்பது சூழ்நிலைக்கேற்ப மாறியதால் அனுபவசாலிகளே தடுமாறினர். கோணத்தில் ஒரு கலை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கு, பிசகினால் தீர்க்கரேகையில் அரைப்பாகை பிசகும்; நிலநடுக்கோட்டருகே அது ஏறத்தாழ 30 கடல் மைல்.

1795 முதல் 1803 வரை பௌடிச் ஐந்து நெடும்பயணங்கள் மேற்கொண்டார். முதல் பயணத்தில், ‘ஹென்றி’ என்ற கப்பலின் எழுத்தராக, இன்று ரீயூனியன் எனப்படும் இந்தியப் பெருங்கடல் தீவுக்குச் சென்றார். அடுத்த மூன்றிலும் ‘ஆஸ்ட்ரியா’ என்ற கப்பலின் சரக்குப் பொறுப்பாளராக இருந்து, இரண்டு முறை மணிலாவுக்குச் சென்று வந்தார். ஐந்தாவதில் ‘புட்னம்’ என்ற கப்பலின் தலைவராகவும் பங்குதாரராகவும் சுமத்திராவுக்குப் போனார். அந்தப் பயணங்களில், மேலதிகாரிகளின் தனியுரிமையாகவே பார்க்கப்பட்டு வந்த நிலவுத் தொலைவுக் கணக்கை, முன்தளத்தில் படுத்துறங்கும் சாதாரண மாலுமிகளுக்கும் அவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். அவர்களுள் பலர் பின்னர்க் கப்பல் தலைவர்களாயினர். கூட்டலா கழித்தலா என்ற ஐயம் குறையும்படி அக்கணக்கைத் திருத்தியமைத்த ஒரு முறையையும் இக்காலத்தில் அவர் உருவாக்கினார். கற்போரின் தடுமாற்றத்தைக் கற்பிப்பவன் நேரில் கண்டதால் விளைந்த முறை அது. அந்தக் கடல் வாழ்வுக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று: 1798 மார்ச்சில் மணந்த எலிசபெத் போர்டுமன், அவர் கடலில் இருந்தபோதே அவ்வாண்டு அக்டோபரில் இறந்துபோனார், 1800இல் மேரி இங்கர்சாலை அவர் மணந்துகொண்டார்.

அக்கால அமெரிக்க மாலுமிகள் பெரிதும் நம்பியிருந்தது ஜான் ஹாமில்டன் மூர் என்பவரின் மாலுமி வழிகாட்டி நூலை. நியூபரிபோர்ட்டைச் சேர்ந்த எட்மண்ட் மார்ச் பிளண்ட் என்ற பதிப்பாளர் அதை அமெரிக்காவில் மறுபதிப்புச் செய்யும் பொருட்டு, திருத்தித் தருமாறு பௌடிச்சை நாடினார். அட்டவணைகளைத் தம் பயணங்களின்போதே சரிபார்க்கத் தொடங்கியிருந்த பௌடிச், ஒவ்வோர் எண்ணையும் புதிதாகக் கணித்துப் பார்த்து, மூரின் நூலில் 8,000க்கு மேற்பட்ட பிழைகளைக் கண்டறிந்தார். பல பிழைகள் கடைசி இலக்கத்தில் நேர்ந்த சிறு பிசகுகளே. சில பிழைகளோ உயிரையே பறிக்கத்தக்கவை.

அவற்றுள் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் நூற்றாண்டின் நிறைவாண்டு 400ஆல் வகுபட்டாலன்றி லீப் ஆண்டாகாது. எனவே 1800 லீப் ஆண்டன்று. மூரின் நூலோ அதை லீப் ஆண்டாகக் கொண்டு சூரிய விலக்க அட்டவணையை அமைத்திருந்தது. பிப்ரவரி முடிந்ததும் அந்த அட்டவணையின் ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. இரவும் பகலும் சமமாகும் மார்ச் மாதத்தில் சூரியனின் விலக்கம் ஒரு நாளில் ஏறத்தாழ 24 கலை மாறுகிறது. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஆகவே செக்ஸ்டன்டைக் கைநடுக்கமின்றிப் பிடித்து, கூட்டலிலும் கழித்தலிலும் தவறாமல் கணக்கு முடித்த மாலுமியும், தான் இருப்பதாக நம்பிய இடத்துக்கு இருபது மைலுக்கு அப்பால் இருந்திருப்பான். இருட்டில் பாறைக்கரையை நெருங்கும் கப்பலுக்கு அந்த இருபது மைல் உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தொலைவு. அளந்தவனிடம் குற்றமில்லை, அவன் நம்பிய நூலில்தான் குற்றம்.

திருத்தங்கள் பெருகியதால், இனியும் அந்நூலை மூரின் பெயரில் வெளியிடுவது பொருந்தாது என்று முடிவுசெய்து, 1802இல் பிளண்ட் அதைப் பௌடிச்சின் பெயரிலேயே ‘நியூ அமெரிக்கன் பிராக்டிகல் நேவிகேட்டர்’ என்ற தலைப்பில் வெளியிட்டார். அதில் வடிவியல், முக்கோணவியல் ஆகியவற்றின் அடிப்படைகளிலிருந்து தொடங்கிக் காற்று, நீரோட்டம், கடல்சார் சொற்களின் பொருள், காப்பீடு, உண்டியல் வழக்கம் வரை ஒரு வணிகக் கப்பலுக்கு வேண்டிய யாவும் எளிய விதிகளாகவும் செய்துகாட்டிய கணக்குகளாகவும் தரப்பட்டிருந்தன. ஆசிரியர் இல்லாமலே கற்க வேண்டிய ஒருவனை மனத்தில் வைத்து, தாமும் ஆசிரியர் இல்லாமலே கற்ற ஒருவர் எழுதிய நூல் அது.

அந்த அறிவு எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு ஐரோப்பிய வானியலாளர் பிரான்ஸ் சேவர் பான் ட்சாக் பதிவுசெய்த நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். 1817இல் சேலத்திலிருந்து ஜெனோவாவுக்கு வந்த ‘கிளியோபட்ராஸ் பார்ஜ்’ என்ற கப்பலில் சமையற்காரருக்கும் நிலவுத் தொலைவுக் கணக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு, அவரை அழைக்கச் செய்தார். ஒரு கையில் கோழியும் மறுகையில் கத்தியுமாக, வெள்ளை முன்துணி கட்டியபடி வந்து நின்ற அந்தக் கறுப்பினத்தவரிடம் எந்த முறையில் கணக்கிடுவீர் என்று கேட்க, மாஸ்கலைன் முதல் பௌடிச் வரை பலருடைய முறைகளையும் பெயர் சொல்லி, தமக்குப் பழகியது டன்தார்ன் என்பவரின் முறையே என்றும் அவர் விளக்கினார். பௌடிச்சின் முறையைத் தாம் விரும்பித் தேர்வதில்லை என்று சொல்லும் அளவுக்கு ஒரு சமையற்காரர் அதை அறிந்திருந்ததே அந்தத் துறைமுகத்தின் கல்விக்குக் கிடைத்த உயர்ந்த சான்றிதழ்.

பௌடிச் தம் கணக்கின் மீது வைத்திருந்த நம்பிக்கைக்கு, ‘புட்னம்’ கப்பல் திரும்பிய நாளே சான்று. மிளகுச் சரக்கோடு சேலத்தை நெருங்கியபோது, 1803 கிறிஸ்துமஸ் இரவில், கரை கண்ணுக்குத் தெரியாதபடி பனிப்புயல் மூடியிருந்தது. பேக்கர்ஸ் தீவுக் கலங்கரை விளக்கை ஒரு கணம் மட்டுமே கண்டு, தாம் கணித்து வைத்திருந்த இடம் சரியென்று உறுதிசெய்துகொண்டு, அவர் கப்பலைப் பாறைகளுக்கு இடையே துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்.

அதன்பின் அவர் கடலுக்குத் திரும்பவில்லை. 1804இல் சேலத்தில் ஒரு கடல் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராகி, கப்பலின் இடத்தைக் கணித்தவர் கப்பலின் ஆபத்தைக் கணிப்பவரானார். நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ கப்பல் தலைவராக அல்லது சரக்குப் பொறுப்பாளராகக் கடந்தவர் மட்டுமே சேரத்தக்க ‘ஈஸ்ட் இந்தியா மரைன் சொசைட்டி’ 1799இல் அங்கே தொடங்கப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் தம் பயணக் குறிப்பேடுகளைச் சங்கத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் இருந்ததால், ஒருவர் கண்ட பாறை மற்றவருக்கு எச்சரிக்கையாயிற்று. அச்சங்கத்தின் பணிகளில் ஈடுபட்டு, பின்னர் அதன் தலைவராகவும் இருந்த பௌடிச், சேலத்தையும் அண்டைத் துறைமுகங்களையும் அளந்து 1806இல் ஒரு வரைபடமும் வெளியிட்டார். 1806இல் ஹார்வர்டு கல்லூரி அழைத்த கணிதப் பேராசிரியர் பதவியை மறுத்துவிட்டு, வேலை நேரம் போக எஞ்சிய காலை மாலைப் பொழுதுகளில் ஆய்வைத் தொடர்ந்தார். 1807 டிசம்பரில் கனெக்டிகட்டின் வெஸ்டன் நகரருகே விழுந்த விண்கல்லின் உயரத்தையும் வேகத்தையும் பலரின் நோக்குகளைத் தொகுத்துக் கணித்தார். இரு புள்ளிகளிலிருந்து தொங்கும் ஊசல் வரையும் வளைகோடுகளை 1815இல் ஆராய்ந்தார்; பிரெஞ்சு அறிஞர் லிசாஜுவின் பெயரால் பின்னர்ப் புகழ்பெற்ற அவ்வளைகோடுகள் பௌடிச் வளைகோடுகள் என்றும் வழங்குகின்றன. 1818இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அவருடைய பெரும்பணி, பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸின் ‘வான இயக்கவியல்’ என்ற நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து உரையெழுதியதாகும். கோள்களும் நிலவும் கடல் ஓதமும் ஈர்ப்பு விதி ஒன்றினாலேயே இயங்குவதை நிறுவிய அந்த மாபெரும் நூலில், லாப்லாஸ் பல இடங்களில் இடைப்படிகளை விட்டுவிட்டு ‘இது எளிதில் விளங்கும்’ என்று கடந்து சென்றிருந்தார். அத்தகைய ஒவ்வோரிடமும் வாசகருக்குப் பல மணி நேர உழைப்பைச் சுமத்துவது என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்த பௌடிச், விடுபட்ட படிகளை எல்லாம் அடிக்குறிப்புகளில் நிரப்பி, பிழைகளைத் திருத்தி, பிற்கால ஆய்வுகளையும் சேர்த்தார். மூல நூலை விஞ்சும் அளவுக்கு உரை வளர்ந்தது. தமிழ் மரபில் மூலச் சூத்திரத்தைக் கற்போர்க்கு எட்டச் செய்வது உரையாசிரியரின் கடன் என்று கருதப்படுவதைப் போலவே அவரும் தம் பணியைக் கருதினார். 1814 அளவில் தொடங்கி ஏறத்தாழ 1817க்குள் முதல் நான்கு தொகுதிகளின் மொழிபெயர்ப்பை முடித்திருந்தும், அச்சுச்செலவு மிகுதியானதால் வெளியீடு தாமதமாயிற்று. முன்பணம் திரட்டித் தர முன்வந்தவர்களை மறுத்து, விருப்பமின்றி வாங்குவோர் எவரும் வேண்டாம் என்று தம் சேமிப்பிலிருந்து 12,000 டாலருக்கு மேற்பட்ட தொகையைத் தாமே செலவிட்டார். தொகுதிகள் 1829, 1832, 1834 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. நான்காவது அவர் மறைவுக்குப் பின் 1839இல் வந்தது.

இதற்கிடையே 1823இல் பாஸ்டன் சென்று, செல்வர் குடும்பங்களின் சொத்தை அறங்காவலராக நின்று பேணிவந்த ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கணிப்பாளரானார். 1826இல் ஹார்வர்டின் ஆட்சிக்குழு உறுப்பினராகி, ஒழுங்கற்றுக் கிடந்த கல்லூரிக் கணக்குகளையும் மூரின் அட்டவணைகளை ஆராய்ந்த அதே கண்டிப்போடு ஆராய்ந்தார். அதனால் எழுந்த கசப்பு சிறிதன்று என்றாலும், கணக்கேடுகள் நேராயின. சேலத்தில் பிறந்த பெஞ்சமின் பியர்ஸ் என்ற இளைஞர் லாப்லாஸ் மொழிபெயர்ப்பின் அச்சுப்படிகளைத் திருத்த உதவியவர். பிழை தேடும் அந்தப் பயிற்சியிலேயே உயர்கணிதத்துக்குள் நுழைந்த அவர், பின்னர் ஹார்வர்டு பேராசிரியராகி அடுத்த தலைமுறைக் கணிதர்களையும் வானியலாளர்களையும் உருவாக்கினார். கப்பல் சாமான் கடையில் தொடங்கிய கல்வி இவ்வாறு பல்கலைக்கழகத்தை அடைந்தது.

பௌடிச் 1838 மார்ச் 16 அன்று பாஸ்டனில் இறந்தார். தம் கடைசி நாட்களிலும் நான்காம் தொகுதியின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். மாலுமி வழிகாட்டியின் உரிமையைப் பின்னாளில் அமெரிக்கக் கடல்நீரியல் அலுவலகம் வாங்க, அந்நூல் அரசு வெளியீடாகி இன்றளவும் பதிப்பிக்கப்பட்டு வருகிறது. மாலுமிகளிடையே ‘பௌடிச்’ என்பது மனிதர் பெயர் என்பதைவிட நூலின் பெயராகவே வழங்குகிறது. குரோனோமீட்டரும் வானொலியும் வந்தபின் நிலவுத் தொலைவு முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாங்கங்களிலிருந்து நீங்கிவிட்டது. அவர் கணித்த எண்களின் இடத்தைப் புதிய எண்கள் பிடித்துவிட்டன. ஆயினும், பிறர் நூலின் பிழைகளை எண்ணியதிலிருந்து தோன்றிய அந்த நூல், தன்னிடம் காணும் திருத்தங்களை எழுதியனுப்புமாறு தன் அண்மைக்காலப் பதிப்புகளிலும் மாலுமிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.